ஆலயத் திரைகளில் ஓடும் அறிவித்தல்கள்: நிரலும் நேர அட்டவணையும்

எமது ஆலயத்தில் இப்பொழுது நான்கு திரைகள் இயங்குகின்றன என்பதை அடியார்கள் அறிவீர்கள். பாதணி கழற்றும் இடத்தில் ஒன்று, அர்ச்சனைச் சீட்டு வழங்கும் அலுவலக யன்னலுக்கு மேலே ஒன்று, அன்னதான மண்டபத்தில் ஒன்று, பிள்ளைகளின் தமிழ், சங்கீத வகுப்புகள் நடைபெறும் மேல்மாடியில் ஒன்று. இவற்றில் எது ஓடவேண்டும் என்று யார் தீர்மானிக்கிறார்கள், ஏன் சில வேளைகளில் பிழையாக ஓடுகிறது என்று பலர் கேட்பதால் பரிபாலன சபையின் வேண்டுகோளுக்கிணங்க இதனை எழுதுகின்றோம். நாம் தொழிலால் கணக்காளர். கணனி விற்பன்னர் அல்லர். இரண்டு வருடமாக இத் திரைகளோடு மாரடித்துப் பழகியதையே இங்கு தருகின்றோம். கணனியில் ஆர்வமுள்ள இளைஞர்களும் வாசித்தால் நல்லது. எமக்குப் பின் யாராவது இதைப் பொறுப்பேற்க வேண்டுமல்லவா?

ஒவ்வொரு தொலைக்காட்சியின் பின்னாலும் ஒரு சிறிய பெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. இதனைப் பிளேயர் என்பார்கள். பிரைற்சைன் போன்று இதற்கென்றே செய்யப்பட்ட பெட்டிகள் உண்டு. ராஸ்பெரி பை எனப்படும், கடனட்டை அளவிலான சிறு கணனியும் இந்த வேலையைச் செய்யும். பல திரைகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிப்பதற்கு மத்திய மென்பொருள் ஒன்று வேண்டும். ஸீபோ போன்ற திறந்த மூல மென்பொருள்களும் இருக்கின்றன. மாதாந்தக் கட்டணம் அறவிடும் கம்பனிகளும் இருக்கின்றன. ஒரே ஒரு திரை மட்டும் உள்ள சிறிய ஆலயத்துக்கு அந்தியாஸ் என்னும் இலவச மென்பொருளே போதுமானது. எதை வாங்கினாலும் உள்ளே இருக்கும் தத்துவம் ஒன்றுதான்.

அந்தத் தத்துவத்தில் இரண்டு சொற்களை வேறுபடுத்தி அறிந்துகொள்ள வேண்டும். ஒன்று பிளேலிஸ்ற், அதாவது நிரல். மற்றது ஷெடியூல், அதாவது நேர அட்டவணை. திருவிழாவை நினைத்துக்கொண்டால் இது இலகுவாக விளங்கும். அபிஷேகம், அலங்காரம், வசந்த மண்டபப் பூசை, வீதியுலா என்று ஒன்றன்பின் ஒன்றாக நடப்பது நிரல். கொடியேற்றம் எந்த நாள், தேர் எந்த நாள், எத்தனை மணிக்கு என்பது அட்டவணை. நிரலுக்கு நேரம் தெரியாது. அட்டவணைக்கு ஒழுங்கு தெரியாது. திரையில் பிழை வரும்போது இவ்விரண்டில் எது பிழை என்று முதலில் பார்த்தால் அரைவாசி வேலை முடிந்துவிடும். எமது தொண்டர்கள் பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்து, நிரலைக் கலைத்துக் கலைத்துப் போட்டுவிட்டு "இன்னும் பழையதுதான் வருகுது" என்று சொல்லுவார்கள்.

நிரலைப் பற்றி முதலில் பார்ப்போம். ஆரம்பத்தில் நான்கு திரைக்கும் ஒரே நிரல்தான் வைத்திருந்தோம். 12 படங்கள், ஒவ்வொன்றும் 10 செக்கன். 2 நிமிடத்தில் ஒரு சுற்று முடியும். பிறகு உபயகாரர் பெயர், நடன வகுப்பு, முதியோர் சுற்றுலா, இரத்ததானம், நிதியுதவிக் கோரிக்கை என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று கொண்டுவந்து தந்தார்கள். மறுக்க மனம் வரவில்லை. ஒன்றரை வருடத்தில் 41 படங்கள் சேர்ந்துவிட்டன. 410 செக்கன், ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 7 நிமிடம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாம் வாசலில் நின்று பார்த்தோம். கைக்குழந்தையோடு வந்தவர்கள்கூடப் பாதணி கழற்றும் இடத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. ஒரு நிமிடத்தில் 41இல் 6 படங்களைத்தான் பார்க்கலாம். ஆகவே அன்றைய பூசை நேரத்தை வாசலில் பார்த்தவர் ஏழு பேரில் ஒருவராக இருந்தால் பெரிய காரியம். ஒவ்வொரு புதிய அறிவித்தலும் மற்றைய எல்லா அறிவித்தல்களினதும் நேரத்தைக் கொஞ்சம் களவெடுக்கிறது. கணக்காளரான எமக்கே இது விளங்க ஒன்றரை வருடம் சென்றது வெட்கக்கேடு.

இப்பொழுது ஆட்கள் எவ்வளவு நேரம் அந்த இடத்தில் நிற்கிறார்களோ அதற்குள் ஒரு சுற்று முடிய வேண்டும் என்று வைத்திருக்கிறோம். வாசலில் 4 படங்கள், தலா 12 செக்கன், மொத்தம் 48 செக்கன். அலுவலக யன்னலில் சீட்டு வாங்க நிற்பவர்கள் இரண்டு மூன்று நிமிடம் நிற்பதால் அங்கே கூடுதலாகப் போடலாம். அன்னதான மண்டபத்தில் இருபது நிமிடம் இருந்து சாப்பிடுகிறார்கள். திருவிழாப் படங்கள், உபயகாரர் பெயர்கள், நீண்ட விளக்கங்கள் எல்லாம் அங்கேதான் பொருத்தம். ஒரு படம் எத்தனை செக்கன் நிற்கவேண்டும் என்பதற்கு எமது அளவுகோல், அதனை இரண்டு தரம் வாய்விட்டு வாசிக்க எடுக்கும் நேரம். எமது பெரியவர்கள் கண்ணாடியை எடுத்துப் போடவே ஐந்து செக்கன் வேண்டும்.

இடையில் எழுத்துருவைப் பற்றியும் ஒரு சொல். இன்னமும் சிலர் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த கோப்பை அப்படியே அனுப்புகிறார்கள். உங்கள் வீட்டுக் கணனியில் அழகான தமிழாகத் தெரிவது, பாமினி இல்லாத பிளேயரில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். புள்ளி வைத்த இடமெல்லாம் அரைப்புள்ளி நிற்கும். யூனிகோட்டில் தட்டச்சுச் செய்யுங்கள், அல்லது படமாக மாற்றி அனுப்புங்கள். படம் அகலப்பக்கமாக, 1920க்கு 1080 என்ற அளவில் இருக்கட்டும். தொலைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படங்களை அனுப்பி, இரண்டு பக்கமும் கறுப்பாக வருகிறது என்று எம்மிடம் கோபிக்க வேண்டாம்.

அடுத்தது அட்டவணை. இதில் முதலாவது கேள்வி "எந்த நேரம்?" என்பது. சிரிக்க வேண்டாம். எமது வயதையொத்த, வன்னியில் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி நன்றாக நினைவிருக்கும். 1996 மே மாதம் இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு ஒக்ரோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பி எடுத்தது. 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஆனது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் அந்தப் புதுநேரம் கைக்கொள்ளப்படவில்லை. ஆகவே ஒரே தீவுக்குள் இரண்டு நேரம். யார் எந்த நேரத்தைச் சொன்னாலும் "பழைய நேரமோ புதுநேரமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த கதை. நேரம் என்பது வெறும் எண்ணல்ல, யாருடைய நேரம் என்பதும் அதனோடு சேர்ந்தது என்பதைச் சிறுவயதிலேயே படித்துக்கொண்டோம்.

அப்படிப் படித்திருந்தும் ஒரு பிழை விட்டோம். மத்திய மென்பொருளில் நேர வலயத்தைத் தெரிவுசெய்யும் இடத்தில் "லண்டன்" என்றும் இருக்கும், "ஜி.எம்.ரி." என்றும் இருக்கும். இங்கிலாந்து என்றால் கிறீனிச் நேரம்தானே என்று எண்ணி ஜி.எம்.ரி.யைத் தெரிவுசெய்தோம். குளிர்காலம் முழுவதும் ஒரு குறையும் இல்லை. மார்ச் மாதக் கடைசி ஞாயிறு கடிகாரத்தை முன்னே தள்ளியதும் எல்லா அறிவித்தலும் ஒரு மணித்தியாலம் பிந்தி வரத் தொடங்கின. மதியப் பூசை முடிந்து தீபாராதனையும் பார்த்த பிறகு "மதியப் பூசை ஆரம்பம்" என்று திரை சொன்னது. ஊரின் பெயரில் உள்ள வலயம் கோடை நேரத்தைத் தானே அறிந்து மாறும், ஜி.எம்.ரி. ஒருபோதும் மாறாது. மற்ற நாடுகளில் உள்ளவர்களும் தத்தம் நகரின் பெயரையே தெரிவுசெய்ய வேண்டும். அதைப் போலவே, சிவராத்திரி போன்று நள்ளிரவைத் தாண்டும் நிகழ்ச்சிகளுக்கு "இரவு 10 முதல் காலை 4 வரை" என்று நேரத்தை மட்டும் போட்டால் சில மென்பொருள்கள் குழம்பிவிடும். தொடங்கும் திகதி, முடியும் திகதி இரண்டையும் போட்டுவிடுங்கள்.

இராகுகாலப் படத்தையும் இங்கே சொல்லவேண்டும். ஞாயிறு 4.30 முதல் 6 வரை என்று கலண்டரில் உள்ளதைப் பார்த்து வருடம் முழுவதும் ஒரே படத்தை ஓடவிட்டிருந்தோம். குருக்கள் ஐயாதான் கூப்பிட்டுத் திருத்தினார். அந்தக் கணக்கு காலை 6க்கு உதித்து மாலை 6க்கு மறையும் சூரியனுக்கு உரியது. உதயம் முதல் அஸ்தமனம் வரையான பகலை எட்டாகப் பிரித்து, ஞாயிறன்று எட்டாவது பங்கை எடுப்பதே முறை. லண்டனில் ஜூன் 21ஆம் திகதியளவில் பகல் 16½ மணித்தியாலத்துக்கும் சற்றுக் கூட. ஆகவே ஒரு பங்கு 2 மணித்தியாலத்துக்கு மேல். ஞாயிறு இராகுகாலம் மாலை 7.15 அளவில் தொடங்கி 9.20 வரை செல்லும். டிசம்பர் 21 அளவில் பகல் 8 மணித்தியாலமும் இல்லை. பிற்பகல் 3 மணிக்குச் சற்று முன் தொடங்கி 4 மணிக்குள் முடிந்துவிடும். ஆகவே வாரத்துக்கு ஒரு படமாக, தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் இட்டு 52 படங்களை முன்கூட்டியே அட்டவணையில் போட்டு வைத்திருக்கிறோம். ஒரு நாள் வேலை. வருடம் முழுவதும் நிம்மதி.

இனி, நாம் எழுதத் தயங்கிய பகுதிக்கு வருகின்றோம்.

பிளேயர் என்பது வானொலி போல வந்துகொண்டிருப்பதை அப்படியே தருவதல்ல. படங்களையும் நிரலையும் அட்டவணையையும் எடுத்துத் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும். சில நிமிடத்துக்கு ஒரு தடவை மத்திய மென்பொருளிடம் "புதிதாக ஏதும் உண்டோ?" என்று கேட்கும். வலையமைப்பு அறுந்தாலும் கையில் உள்ளதை வைத்து ஓடிக்கொண்டேயிருக்கும். விற்பவர்கள் இதனை ஒரு சிறப்பாகச் சொல்லுவார்கள். நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம். ஆனால் திரை கறுத்துப்போனால் எல்லோரும் ஓடிவந்து சொல்லுவார்கள். பழையதை அழகாகக் காட்டிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை ஓர் அன்பரின் மரண அறிவித்தலைப் போட்டிருந்தோம். திங்கட்கிழமை பகல் 12.30க்குத் தகனம். சனிக்கிழமை காலை குடும்பத்தினர் தொலைபேசியில் அழைத்து, நேரம் 10.30க்கு மாறிவிட்டது என்றார்கள். பத்து நிமிடத்தில் மாற்றினோம். வாசலில் போய்ப் பார்த்தோம், மாறியிருந்தது. அலுவலகத்திலும் மாறியிருந்தது. திருப்தியோடு வீட்டுக்குப் போனோம். அன்னதான மண்டபத்துக்குப் போய்ப் பார்க்கவில்லை. அங்கே அலுமாரிக்குள் இருந்த வலையமைப்புப் பெட்டியின் பிளக்கை, வெள்ளி இரவு சோற்றைச் சூடாக வைக்கும் பெட்டிக்காக யாரோ கழற்றியிருந்தார்கள். அவர்களிலும் குற்றமில்லை, அது என்ன பிளக் என்று அதில் எழுதியிருக்கவில்லை. மண்டபத் திரை சனியும் ஞாயிறும் 12.30 என்றே காட்டிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை ஒரு பெரியவர் அலுவலகத்துக்கு வந்தார். எண்பதை அண்டிய வயது. காலமானவரோடு ஊரில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவராம். ஞாயிறு பக்கக் கதவால் மண்டபத்துக்குள் வந்து சாப்பிட்டவர், அங்கேதான் அறிவித்தலைப் பார்த்திருக்கிறார். திங்கட்கிழமை இரண்டு பஸ் மாறித் தகனசாலைக்குப் போக, அங்கே வேறொரு குடும்பத்தின் கிரியை நடந்துகொண்டிருந்திருக்கிறது. அவர் கோபமாக வரவில்லை. "தம்பி, ரீவியிலை பன்ரண்டரை எண்டுதானே கிடந்தது? நான்தான் பிழையாப் பாத்தனோ எண்டு கேக்க வந்தனான். இப்ப கண்ணும் வடிவாத் தெரியிறேல்லை" என்றார்.

மத்திய மென்பொருளைத் திறந்து பார்த்தோம். ஒவ்வொரு பிளேயரும் கடைசியாக எப்போது தொடர்புகொண்டது என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. மண்டபப் பிளேயருக்கு நேரே வெள்ளி இரவு 7.40 என்றிருந்தது, சிவப்பு அடையாளமும் இருந்தது. மூன்று நாட்களாக அது சிவப்பாகவே இருந்திருக்கிறது. பார்க்கத்தான் ஆள் இருக்கவில்லை. "நீங்கள் சரியாத்தான் பாத்தனீங்கள் ஐயா. பிழை எங்கட" என்று சொன்னோம். "சரி, சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பின் நாம் செய்த மாற்றங்களைச் சற்று விரிவாகச் சொல்கின்றோம். ஏனைய ஆலயங்களுக்கும் உதவலாம். அறிவித்தலுக்கு முடிவுத் திகதி இடுவது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் இந்த அறிவித்தலுக்கும் முடிவுத் திகதி இருந்தது. திங்கள் மாலை வரை என்று இட்டிருந்தோம். அது உதவவில்லை. ஆகவே, மாறக்கூடிய அறிவித்தல்களுக்கு இப்பொழுது அன்று நள்ளிரவு வரை மட்டுமே ஆயுள் கொடுக்கிறோம். நாளைக்கும் வேண்டுமென்றால், இரவு 9 மணிக்கு முறைக்குரிய தொண்டர் நேரத்தைக் குடும்பத்திடமோ அலுவலகத்திடமோ உறுதிசெய்துகொண்டு அடுத்த நாளுக்குப் புதுப்பிக்க வேண்டும். அட்டவணை பிளேயரின் வயிற்றுக்குள் இருப்பதால், இணைப்பு அறுந்திருந்தாலும் நள்ளிரவில் அந்த அறிவித்தல் தானாக இறங்கிவிடும். அதன் இடத்தில் "மரண அறிவித்தல் விபரங்களை அலுவலக யன்னலில் கேட்டறியவும்" என்ற நிரந்தரப் படம் வரும். இங்கிலாந்து வங்கிகள் ஆறு மாதம் கடந்த காசோலையைப் பொதுவாக ஏற்பதில்லை. எமது அறிவித்தலுக்கு ஒரு நாள். இதில் ஒரு குறையும் உண்டு. தொண்டர் மறந்தால் சரியான அறிவித்தலும் எல்லாத் திரையிலும் மறைந்துவிடும். ஒரு தடவை அப்படி நடந்தது. காலை 8 மணிக்கே குடும்பத்தார் அழைத்துவிட்டார்கள். அந்தப் பிழைக்கு உடனே ஆள் வருகிறது. மற்றதற்கு இரண்டு பஸ் மாறிப் போனபின்தான் தெரியவருகிறது.

இந்த ஒழுங்கு முழுவதும் பிளேயரின் கடிகாரத்தில் தங்கியிருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. ராஸ்பெரி பையின் நான்காம் வகை வரை மின்கலத்தில் ஓடும் கடிகாரம் உள்ளே கிடையாது. மின்சாரம் நின்று வந்தால் வலையமைப்பில் கேட்டுத்தான் நேரத்தை அறியும். வலையமைப்பும் இல்லையென்றால், கடைசியாகக் குறித்து வைத்த நேரத்திலிருந்து மீண்டும் எண்ணத் தொடங்கும். அப்பொழுது முடிந்துபோன அறிவித்தல்கள் உயிர்பெற்று வரும். சில பவுண் செலவில் மின்கலத்தோடு கூடிய கடிகாரத் துண்டு ஒன்றை வாங்கிப் பொருத்தலாம். 2023இல் வெளிவந்த ஐந்தாம் வகையில் கடிகாரம் உண்டு. மின்கலத்தை மட்டும் நாம் பூட்டவேண்டும்.

காலையில் கதவு திறப்பவர் விளக்கேற்ற முன்னர் நான்கு பிளேயரும் பச்சையாக இருக்கின்றனவா என்று பார்த்துக் கொப்பியில் ஒப்பமிட வேண்டும். மின்னஞ்சல் எச்சரிக்கையும் வைத்திருக்கிறோம். ஆனால் மின்னஞ்சலை நாளைக்கும் பார்க்கலாம் என்று விடும் பழக்கம் எம்மிடமே உண்டு, கொப்பியில் வெற்றிடம் தெரிந்தால் மனம் உறுத்தும். வலையமைப்புப் பிளக்குகளுக்கு மேல் சிவப்பு மையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டியாயிற்று.

முன்னுரிமை என்றொரு வசதியும் உண்டு. ஓர் அறிவித்தலுக்கு உயர்ந்த இலக்கம் கொடுத்தால், சுவாமி வீதிக்கு வரும்போது மற்றதெல்லாம் நிற்பதுபோல் மற்றைய அறிவித்தல்கள் ஒதுங்கிவிடும். தீயணைப்பு, வாகன நெரிசல், அவசரச் செய்தி ஆகியவற்றுக்கு மட்டுமே இது. நடனக் குழுவின் நுழைவுச்சீட்டு விற்பனைக்கு இதனைப் பாவித்து, ஒரு சனிக்கிழமை முழுவதும் நான்கு திரையிலும் அது ஒன்றே நின்றது. இப்பொழுது முன்னுரிமை இடுவதென்றால் காசோலையைப் போல இருவர் கையொப்பம் வேண்டும். ஒருவர் தயாரிக்க, மற்றவர் வெளியிடுவார். மரண அறிவித்தலுக்கும் அப்படியே.

அடியார்கள் செய்யவேண்டியது சிறிதுதான். அறிவித்தல் தரும்போது எந்த நாள் தொடங்கி எந்த நாள் முடியவேண்டும், மாற்றம் இருந்தால் யாரை அழைப்பது என்ற விபரங்களையும் சேர்த்துத் தாருங்கள். நேரம் மாறினால் எந்த வேளையானாலும் அலுவலகத் தொலைபேசிக்குச் சொல்லுங்கள், பதிவிலும் விடலாம். இரவு 9 மணிப் புதுப்பித்தலுக்கு இன்னும் இரண்டு பேர் வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம், ஞாயிறு மதியப் பூசைக்குப் பின் வந்தால் அரை மணித்தியாலத்தில் பழக்கிவிடுவோம்.

அந்தப் பெரியவர் இப்பொழுதும் வெள்ளிக்கிழமைகளில் வருகிறார். திரையைப் பார்ப்பதில்லை. அலுவலக யன்னலுக்கு வந்து, "தம்பி, ஆற்றையும் செத்தவீடு இருக்கோ?" என்று கேட்டு, நாம் சொல்லும் நேரத்தை ஒரு துண்டில் எழுதிக்கொண்டுதான் போகிறார்.